ஒரு நாள் சுற்றுலாவும் ஒரு நெட்வொர்க் டயகிராமும்



"பாடம் சம்பந்தமா ஒரு கட்டுரை வேணும், ஆனா படிச்சா தூக்கம் வரக் கூடாது" என்று மலர்க் குழு நண்பர்கள் கேட்டபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது சி.பி.எம். தான். சிவில்காரர்களுக்குக் கட்டுமான மேலாண்மையில் வரும். மெக்கானிக்கல்காரர்களுக்கு வேறு பெயரில் வேறு பாடத்தில் வரும். வட்டம் போட்டு, அம்பு போட்டு, ஒவ்வொரு வட்டத்துக்கும் பக்கத்தில் இரண்டு எண் எழுதி... பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி உருப்போட்டு, பரீட்சை முடிந்த மதியமே மறந்துபோகிற சமாசாரம். நானும் அப்படித்தான் இருந்தேன், எங்க ஆயாவை மகாபலிபுரம் கூட்டிப்போன நாள் வரைக்கும்.

எங்கள் வீடு பட்டினப்பாக்கத்தில். ஆயா நாற்பது வருஷத்துக்கு மேல் மீன் விற்றவர். தாத்தா காசிமேட்டில் லாஞ்சுக்குப் போனவர். லாஞ்ச் தெற்கே போகும்போது கரையில் மகாபலிபுரத்துக் கோயில் தெரியும், அதைப் பார்த்தால் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று கணக்குத் தெரிந்துவிடும் என்று தாத்தா சொல்வாராம். இது தாத்தா கண்டுபிடித்த விஷயம் இல்லை. அந்தக் காலத்து ஐரோப்பிய மாலுமிகளுக்கும் அதுதான் கரை அடையாளம். 'செவன் பகோடாஸ்' என்று பெயரே வைத்திருந்தார்கள். தாத்தா அந்தக் கோயிலைக் கடல் பக்கமிருந்து மட்டுமே பார்த்தவர். ஆயா எந்தப் பக்கமிருந்தும் பார்த்ததில்லை. வீட்டிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் சொச்சம்தான், அடையாறு, திருவான்மியூர் தாண்டினால் நேர் ரோடு. "போலாம், போலாம்" என்று சொல்லியே தாத்தா போய்ச் சேர்ந்துவிட்டார்.

போன வருஷம் லீவில் ஒரு சைட்டில் வேலை பார்த்த காசு கையில் இருந்தது. இரண்டு டிக்கெட் எடுத்தேன். சென்னையிலிருந்து காஞ்சிபுரம், மாமல்லபுரம் இரண்டையும் ஒரே நாளில் காட்டிவிட்டுத் திரும்புகிற சுற்றுலா நமக்குப் பழக்கமானதுதான். தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் 1971-ல் தொடங்கப்பட்டது. வாலாஜா சாலையிலிருந்து புறப்படும் அதன் ஒரு நாள் சுற்றுலாக்களைப் பற்றி நம் அப்பா அம்மாவிடம் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். அதே பாதையில் தனியார் வண்டிகளும் நிறைய ஓடுகின்றன. நாங்கள் போனது தனியார் வண்டி. பெயர் வேண்டாம். டிக்கெட் விலை மலிவு என்பதால் எடுத்தேன். அந்த மலிவுக்குக் காரணம் என்ன என்பது பிறகுதான் புரிந்தது.

பாதை ஒரு முக்கோணம். சென்னையிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வழியாகக் காஞ்சிபுரம் சுமார் 75 கிலோமீட்டர். அங்கிருந்து செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் சுமார் 65. திரும்பக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னைக்கு 55 முதல் 60. மொத்தம் 200 கிலோமீட்டர். ஒரு நாளுக்கு இது ஒன்றும் பெரிய தூரம் இல்லை என்றுதான் நானும் நினைத்தேன்.

பஸ்ஸில் பொழுது போகாமல், சர்வே பிராக்டிகலுக்கு வைத்திருந்த ஃபீல்டு புக்கின் பின்பக்கத்தில் நேரத்தைக் குறித்துக்கொண்டே வந்தேன். அதை அப்படியே தருகிறேன்.

காலை 6 மணிக்குப் பட்டினப்பாக்கம் பஸ் ஸ்டாண்டு வாசலில் நிற்கச் சொன்னார்கள். வண்டி வந்தது 6.35. பிறகு மயிலாப்பூரில் நாலு பேர், தி.நகரில் ஒரு குடும்பம், கிண்டியில் இன்னும் இரண்டு பேர். ஊரைவிட்டுக் கிளம்பும்போது 7.45. காஞ்சிபுரம் எல்லையில் 9.30. டிபன் 40 நிமிடம். ஏகாம்பரேஸ்வரர் கோயில் 10.10 முதல் 10.55. அடுத்து கைலாசநாதர் கோயில் என்று நினைத்தோம். வண்டி ஒரு பட்டுச்சேலைக் கடை வாசலில் நின்றது. 11.05 முதல் 12.00 வரை அங்கேதான். கைலாசநாதர் கோயிலுக்குப் போனபோது 12.10. நடை சாத்திவிட்டார்கள். வெளியிலிருந்தே மதில் சுவரைக் காட்டி, "இது பல்லவர் காலத்துக் கோயில், ராஜசிம்மன் கட்டியது" என்று கைடு மைக்கில் சொன்னார். பஸ்ஸை விட்டு யாரும் இறங்கவில்லை.

சாப்பாடு முடிந்து 1.25-க்குக் கிளம்பி மாமல்லபுரம் சேர்ந்தது 3.15. ஐந்து ரதம் 3.25 முதல் 4.05. அர்ச்சுனன் தபசும் வெண்ணெய் உருண்டைப் பாறையும் 4.15 முதல் 4.50. அதன் பிறகு டீயும், கற்சிலை விற்கிற கடைகளும். 5.30 வரை. கடற்கரைக் கோயில் வாசலில் இறங்கும்போது 5.38.

கோயில் 6 மணிக்கு மூடிவிடுவார்கள். வாசலிலிருந்து கோயில் வரைக்கும் புல்தரைக்கு நடுவே நீளமாக ஒரு நடைபாதை. நமக்கு அது ஐந்து நிமிடம். முழங்கால் வலிக்காரர்களுக்கு அப்படி இல்லை. "பாட்டிம்மா, கொஞ்சம் சீக்கிரம்" என்று கைடு சொல்லிவிட்டு மற்றவர்களோடு முன்னே போய்விட்டார். ஆயா பாதி வழியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது காவலாளி விசில் ஊதிவிட்டார். அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை, ஆறு மணி என்றால் ஆறு மணிதான். முன்னே போனவர்கள் எல்லாம் எதிரே திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். ஆயா கோயிலைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பினார்.

"இன்னாடா இது, கோயிலப் பாக்கலாம்னு சொல்லிட்டு கட கடையா இஸ்துகினு போறான்" என்று பஸ்ஸில் உட்கார்ந்ததும் சொன்னார். நான் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "போவட்டும் உடு. உங்க தாத்தா பாத்த தூரத்துலதான் நானும் பாத்துட்டேன்" என்றார்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஃபீல்டு புக்கைப் பிரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எங்கே தப்பு? வண்டி பிரேக் டவுன் ஆகவில்லை. ரோடு மறியல் இல்லை. மழை இல்லை. எல்லாம் நடந்தது, ஆனால் இரண்டு கோயில் கையைவிட்டுப் போயிற்று. அப்போதுதான் வாத்தியார் போர்டில் வரைந்த வட்டங்கள் ஞாபகத்துக்கு வந்தன.

கிரிட்டிகல் பாத் மெத்தட் என்கிற முறையை 1950-களின் கடைசியில் அமெரிக்காவின் டூபாண்ட் கம்பெனிக்காக உருவாக்கினார்கள். ரசாயனத் தொழிற்சாலைகளைக் கட்டுவதிலும் பழுது பார்க்க மூடித் திறப்பதிலும் நாள் வீணாவதைத் தடுக்கத்தான். ஏறக்குறைய அதே சமயத்தில், 1958-ல், அமெரிக்கக் கடற்படை போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காகக் கொண்டுவந்தது பெர்ட். இரண்டிலும் அடிப்படைக் கேள்வி ஒன்றுதான்: எந்த வேலை தாமதமானால் மொத்தமும் தாமதமாகும், எந்த வேலை தாமதமானாலும் பரவாயில்லை? பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அந்த நேரத்துக்குத்தான் 'ஃப்ளோட்' என்று பெயர். நம்ம ஊர் வார்த்தையில் சாவகாசம். சாவகாசம் பூஜ்யமாக இருக்கிற வேலைகளை வரிசையாகக் கோத்தால் அது கிரிட்டிகல் பாத்.

இதை எங்கள் பஸ்ஸுக்குப் போட்டுப் பாருங்கள். கம்பெனி திட்டப்படி ஆள் ஏற்றுவது ஒரு மணி நேரம், 7 மணிக்கு ஊரைவிட்டுக் கிளம்பணும். பயணம் 1 மணி 45 நிமிடம், டிபன் 30 நிமிடம், 9.15. ஏகாம்பரேஸ்வரர் கோயில் 45 நிமிடம், 10.00. நடுவில் வண்டி ஓட 15 நிமிடம். கைலாசநாதர் 45 நிமிடம், 11.00. நடை சாத்துவது 12 மணிக்கு. ஆக, சாவகாசம் ஒரு மணி நேரம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆள் ஏற்றியதில் 45 நிமிடமும் டிபனில் 10 நிமிடமும் போய்விட்டன. ஏகாம்பரேஸ்வரர் கோயில் வாசலில் நிற்கும்போதே கையில் மிச்சம் 5 நிமிடம்தான். அப்போதும் கெட்டுப்போகவில்லை. நேராகக் கைலாசநாதர் கோயிலுக்குப் போயிருந்தால் 11.55-க்கு முடிந்திருக்கும். 5 நிமிடம் கையில் இருக்கும்போது 55 நிமிடத்துக்குச் சேலைக் கடைக்குப் போனார்கள். சேலைக் கடை 12 மணிக்கு மூடாது. கோயில் மூடும்.

சாயங்காலமும் அதே கதைதான். இங்கேதான் பின்னாலிருந்து கணக்குப் போடும் 'பேக்வர்ட் பாஸ்' உதவுகிறது. பரீட்சையில் எதற்காக வலமிருந்து இடமாகக் கழித்துக்கொண்டு வருகிறோம் என்று எனக்கு அதுவரை புரிந்ததே இல்லை. கடற்கரைக் கோயில் மூடுவது 6.00. ஆயா நடந்து போக 15 நிமிடம், பார்க்க அரை மணி, திரும்ப 15 நிமிடம். அப்படியானால் வாசலில் இறங்க வேண்டிய கடைசி நேரம் 5.00. அர்ச்சுனன் தபசிலிருந்து வண்டி 4.50-க்குக் கிளம்பினால் 5 மணிக்கு வாசலில் இருக்கலாம், தூரம் ஒன்றும் இல்லை. சாவகாசம் சுத்தமாகப் பூஜ்யம். அந்த இடத்தில் டீயையும் சிலைக் கடையையும் நுழைத்தார்கள். ஆறு மணிக்குக் கோயில் சாத்திய பிறகு போயிருந்தால் டீ ஆறிப்போயிருக்காது, கல் ஓடிப்போயிருக்காது.

நம் பாடப் புத்தகத்தில் வருகிற கணக்குகளில் கடைசித் தேதி என்பது ப்ராஜெக்டின் முடிவில் மட்டும் இருக்கும். சுற்றுலாவில் நடுவிலேயே கதவுகள் சாத்திக்கொள்ளும். அதனால் மொத்தப் பயணமும் சரியான நேரத்துக்கு முடிந்ததா என்று பார்த்தால் போதாது. எங்கள் வண்டி அன்றைக்கு ராத்திரி சொன்ன நேரத்துக்குப் பட்டினப்பாக்கத்தில் இறக்கிவிட்டது, தெரியுமா? கம்பெனிக் கணக்கில் அது வெற்றிகரமான டூர்.

கைடு மேல் கோபப்பட்டு என்ன செய்வது? மலிவான டிக்கெட்டில் டீசலுக்கும் டிரைவர் படிக்கும் போக என்ன மிஞ்சும்? மிச்சத்தைக் கடைக்காரர் கமிஷன்தான் ஈடுகட்டுகிறது. இந்தத் தொழிலில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். நான் குறைவாகக் கொடுத்த ரூபாயை ஆயாவின் நேரத்தில் வசூல் செய்துகொண்டார்கள். அவ்வளவுதான்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. அதை யாரும் கவனிப்பதில்லை. டிபன் நிறுத்தத்தில் வாட்சைப் பார்த்தேன். முதல் ஆள் இறங்கியதிலிருந்து கடைசி ஆள் இறங்கும் வரை 4 நிமிடம். கைடு விசில் ஊதியதிலிருந்து வண்டி நகரும் வரை 13 நிமிடம். ஆக, ஒரு நிறுத்தத்துக்கு 17 நிமிடம் இறங்கி ஏறுவதிலேயே போகிறது. 45 நிமிடம் என்று எழுதியிருக்கிற ஏகாம்பரேஸ்வரர் கோயிலில் நாங்கள் உள்ளே இருந்தது 28 நிமிடம். கிருஷ்ணதேவராயர் 1509-ல் கட்டிய, சுமார் 190 அடி உயரமுள்ள ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்க்கவே அதில் ஐந்து நிமிடம் போய்விட்டது. அன்று மொத்தம் 8 முறை இறங்கி ஏறினோம். எட்டுப் பதினேழு 136. இரண்டே கால் மணி நேரம் பஸ் படிக்கட்டிலேயே கழிந்திருக்கிறது! மெக்கானிக்கல் நண்பர்கள் ஒர்க் ஸ்டடியில் ஸ்டாப் வாட்சை வைத்துக்கொண்டு செய்வது இதைத்தான்.

கூட்டமாக ஆட்களைக் கூட்டிப்போவதைத் தொழிலாக்கிய தாமஸ் குக் என்கிற இங்கிலாந்துக்காரர், 1841 ஜூலை 5-ஆம் தேதி லெஸ்டர் என்ற ஊரிலிருந்து லஃப்பரோவுக்கு ரயிலில் சுமார் 500 பேரை அழைத்துப்போனார். தலைக்கு ஒரு ஷில்லிங். மது ஒழிப்புக் கூட்டத்துக்காக! (நமது கடைசி பெஞ்ச் நண்பர்கள் அந்த டூருக்குப் பெயர் கொடுத்திருக்க மாட்டார்கள்.) அவர் சாமர்த்தியசாலி. ஒரே ரயில், ஒரே இடம், ஒரே நாள். நிறுத்தத்தைக் குறைத்தால் பாதித் தொல்லை குறைந்துவிடும்.

இந்த வருஷம் யூனியனில் சுற்றுலாப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. வீட்டுப் பெரியவர்களும் வரலாம் என்று முடிவானதும், அதே காஞ்சிபுரம், மாமல்லபுரம் என்று நான் பிடிவாதமாக நின்றதற்குக் காரணம் உங்களுக்கே தெரியும். சார்ட் பேப்பரை விரித்துப் போட்டு டயகிராம் வரைந்தேன். முதல் மூன்று தடவையும் காஞ்சிபுரம்தான் முதலில் வந்தது, எல்லா வண்டியும் அப்படித்தானே போகிறது? காலையில் சாமி தரிசனம், சாயங்காலம் கடற்காற்று. வழக்கமும் அதுதான். ஆனால் எப்படி வரைந்தாலும் மதியம் 12 மணிக் கதவும் மாலை 6 மணிக் கதவும் குறுக்கே வந்து நின்றன. இரண்டுமே சாத்துகிற கதவுகள். முன்னே எது தாமதமானாலும் அடி அங்கேதான் விழும்.

நாலாவது தடவை முக்கோணத்தை எதிர்ப்பக்கமாகச் சுற்றிப் பார்த்தேன். மாமல்லபுரத்துச் சின்னங்கள் காலை 6 மணிக்கே திறந்துவிடுகின்றன, 6 மணி வரை மூடுவதில்லை. அதனால் காலையில் அங்கே எவ்வளவு தாமதமாகப் போனாலும் கதவு சாத்தாது. காஞ்சிபுரத்தில் கோயில்கள் மதியம் சாத்தி 4 மணிக்குத் திறப்பார்கள். 4 மணி என்பது திறக்கிற கதவு! சீக்கிரம் போனால் காத்திருக்கலாம், கொஞ்சம் தாமதமானால் நஷ்டம் இல்லை. ஏகாம்பரேஸ்வரர் கோயில் ராத்திரி வரை திறந்திருக்கும், ஆகவே கைலாசநாதரை முதலில் வைத்தால் போதும். சாப்பாடு, 65 கிலோமீட்டர் பயணம் எல்லாம் கோயில் சாத்தியிருக்கிற நேரத்துக்குள் தானாக அடங்கிவிடுகின்றன. அதே மூன்று பக்கம், அதே 200 கிலோமீட்டர். சுற்றுகிற திசையை மட்டும் மாற்றியதில் சாத்துகிற இரண்டு கதவும் வழியிலிருந்து விலகிவிட்டன. நான் சார்ட்டைப் பார்த்துக்கொண்டே பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

நமக்கு இன்னொரு வசதி, பட்டினப்பாக்கத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை பக்கம். திருவல்லிக்கேணியிலும் எழும்பூரிலும் லாட்ஜ் லாட்ஜாக ஆள் ஏற்றுகிற கம்பெனிக்கு இது ஒத்துவராமல் போகலாம். நாங்கள் ஏறும் இடம் ஒன்றே ஒன்று என்று கறாராகச் சொல்லிவிட்டோம்.

எதிர்ப்பு வராமல் இல்லை. நாங்கள் போனது ஞாயிற்றுக்கிழமை. நாலரையிலிருந்து ஆறு ராகு காலம், அந்த நேரத்தில் கோயிலா என்று ஒரு நண்பனின் அம்மா கேட்டார். "கோயிலுக்குப் போறதுக்கு இன்னாம்மா ராகு காலம், கெட்ட நேரத்துலதான சாமியப் பாக்கணும்" என்று ஆயா அதை முடித்துவைத்தார்.

காலை 5.30-க்குக் கிளம்பினோம். 44 பேர். தலை எண்ணுவதற்கு முதலில் நானே எண்ணினேன். 43 வந்தது. மறுபடி எண்ணினேன், 43. பரமார்த்த குருவின் சீடர்கள் ஆற்றைக் கடந்துவிட்டு ஒவ்வொருவரும் தன்னை விட்டுவிட்டு எண்ணினார்களே, அதே கதை. பிறகு வரிசைக்கு ஒருவர் என்று 11 பேரைப் பொறுப்பாக்கினோம். ஒருவர் தன் வரிசையில் 4 பேரை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். 11 கை உயர்ந்தால் வண்டி கிளம்பலாம். விசில் முதல் வண்டி நகரும் வரை 13 நிமிடமாக இருந்தது 6 நிமிடமாகிவிட்டது.

6.50-க்கு மாமல்லபுரம். கடற்கரைக் கோயில் முதலில். உள்ளூரில் ஒரு கைடை ஏற்பாடு செய்திருந்தோம். 44 பேருக்கு ஒருவர் பேசினால் பின்னால் நிற்பவர்களுக்குக் காதில் விழாது. இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழு கைடோடு, மற்றது சும்மா சுற்றிப் பார்த்துவிட்டு, பிறகு மாற்றிக்கொண்டோம். ஒன்றே கால் மணி நேரம் இருந்தது. நேரம் இருந்தால் கைடு என்னவெல்லாம் சொல்கிறார் என்பதை அன்றுதான் பார்த்தேன். ஐந்து ரதங்கள் ஒரே பாறையில் குடைந்தவை, கடற்கரைக் கோயில் அப்படி இல்லை, வெட்டியெடுத்த கற்களை அடுக்கிக் கட்டியது. உப்புக் காற்று கல்லை அரிப்பதால் தொல்லியல் துறையினர் காகிதக் கூழைக் கல்லின் மேல் பூசி உப்பை உறிஞ்சி எடுக்கிறார்கள். கடலைத் தடுக்கப் பெரிய பாறைகளைக் கொட்டிச் சுவர் போட்டிருக்கிறார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, கொஞ்சம் வடக்கே சாளுவன்குப்பத்தில் மணல் விலகிக் கல்வெட்டுத் தெரிய, 2005-ல் தோண்டியபோது செங்கல்லால் கட்டிய பழைய முருகன் கோயிலே வெளியே வந்தது.

பிறகு ஐந்து ரதத்தில், மேலிருந்து கீழாகச் செதுக்கிக்கொண்டு வந்ததால் அடிப்பகுதி மட்டும் சில இடங்களில் கரடுமுரடாக முடியாமல் நிற்பதைக் காட்டினார். குன்றின் மேல், பாறையைப் பிளக்க வரிசையாக ஆப்புக் குழிகள் வெட்டி அப்படியே விட்டுப்போன இடத்தையும் காட்டினார். சாரம் கட்டிக் கீழிருந்து மேலே போகிற நமக்கு, மேலிருந்து கீழே வருகிற கட்டடம் ஆச்சரியம்தான். தப்பாக வெட்டிவிட்டால் இடித்துக் கட்ட முடியாது.

ஆயா கைடு பேச்சைக் கேட்கவில்லை. கோயிலை ஒரு சுற்று மெதுவாகச் சுற்றி வந்தார். பிறகு கடலைப் பார்க்க வாகாக ஒரு இடத்தில் நின்றுகொண்டார். காலை வெயில் கோயில் மேல் நேராக விழுந்துகொண்டிருந்தது. "லாஞ்சு எவ்ளோ தூரத்துல போவும் இங்கேருந்து?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. தூரத்தில் இரண்டு போட் போய்க்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பாறைச் சுவரைக் காட்டி, "இந்த மாரி நம்ம ஸ்ரீனிவாசபுரத்துல கொட்டியிருந்தா அத்தினி வூடு போயிருக்குமாடா?" என்றார். எங்கள் பக்கம் கடல் அரிப்பில் வீடு போனவர்களை எல்லாம் ஆயாவுக்குப் பெயர் சொல்லித் தெரியும். ஒரு பக்கம் கல்லைக் கொட்டினால் பக்கத்துக் கரையில் மணல் அரிக்கும் என்று நம்ம பாடத்தில் இருப்பதைச் சொல்ல வாயெடுத்தேன், அப்புறம் சொல்லலாம் என்று விட்டுவிட்டேன். யாரும் அவரைச் சீக்கிரம் வரச் சொல்லவில்லை.

11.30-க்கு மாமல்லபுரத்தைவிட்டுக் கிளம்பினோம். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் டயர் பஞ்சர். (மலைக்கோயிலுக்குக் கழுகு வருவது நின்று பல வருஷங்கள் ஆகின்றன, நம் வண்டியையாவது வந்து பார்த்திருக்கலாம்.) ஸ்டெப்னி மாற்ற 40 நிமிடம். எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். நான் சார்ட்டைப் பார்த்தேன். காஞ்சிபுரம் சேர வேண்டியது 2.30, கோயில் திறப்பது 4.00. நடுவில் நெசவாளர் வீட்டுக்குப் போவதாக 75 நிமிடம் வைத்திருந்தேன். அது சுருக்கினால் சுருங்குகிற வேலை. தைரியமாக மரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன்.

3.10-க்குப் பிள்ளையார்பாளையம். கடை இல்லை, நெய்கிறவர் வீடு. உடலும் கரையும் தனித்தனி நிறமாக வந்தால் அதைக் கோர்வை என்கிறார்கள். மூன்று நாடா, இரண்டு ஆள். ஒருவர் நெய்ய, இன்னொருவர் ஒரு பக்கத்துக் கரைக்கு நாடா தள்ள வேண்டும். மெக்கானிக்கல் நண்பன் ஒருவன் தறிக்கு மேலே இருந்த ஜக்கார்டு அட்டைகளைப் பார்த்துக்கொண்டு நகர மறுத்துவிட்டான். ஓட்டை இருந்தால் நூல் தூக்கும், இல்லாவிட்டால் தூக்காது. கம்ப்யூட்டர் பிள்ளைகளுக்கு இதன் அருமை தெரியும். 35 நிமிடத்தில் கிளப்பிக்கொண்டு வர நான் பட்ட பாடு!

சரியாக 4 மணிக்குக் கைலாசநாதர் கோயில் வாசலில் நின்றோம். போன வருஷம் மைக்கில் மட்டும் கேட்ட கோயில். கருங்கல் அடித்தளத்தின் மேல் மணற்கல். சுற்றிலும் 58 சின்னச் சன்னதிகள். சில இடத்தில் பழைய ஓவியத்தின் வண்ணம் திட்டுத் திட்டாக இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கருவறையைச் சுற்றித் தவழ்ந்து போகிற குறுகலான வழிக்குள் பையன்கள் எல்லாம் போய் வந்தார்கள். ஆயா போகவில்லை. "நான் அடுத்த பொறவிக்கு மெதுவாப் போய்க்கிறேன்" என்றார். ஏகாம்பரேஸ்வரர் கோயிலும் முடிந்து 6.15-க்குக் கிளம்பி, 8.50-க்குப் பட்டினப்பாக்கம். சார்ட்டில் போட்டிருந்தது 8.45.

அடுத்த ஆண்டு சுற்றுலாப் பொறுப்பு ஏற்கிறவருக்கு என் தப்புகளையும் சொல்லிவிடுகிறேன். பாத்ரூம் நேரத்தை நான் எங்கேயும் போடவில்லை. அதனால் செங்கல்பட்டில் சாப்பிட்ட இடத்தில் 20 நிமிடம் கூடுதலாகப் போயிற்று. பெரியவர்களை முன் வரிசையில் உட்காரவைத்தேன். அவர்கள் இறங்கும் வரை பின்னால் 30 பேர் நின்றார்கள். முன் வரிசையே இருக்கட்டும், ஆனால் அவர்கள் கடைசியில் இறங்கி முதலில் ஏறட்டும். திருவிழா நாட்களில் இந்தச் சார்ட் உதவாது. 2019-ல் அத்திவரதர் எழுந்தருளிய 48 நாட்களில் காஞ்சிபுரத்தில் யார் போட்ட சார்ட்டும் உதவியிருக்காது. கிளம்புவதற்கு முந்தின நாள் கோயில் நேரங்களை ஒரு முறை விசாரித்துவிடுங்கள்.

டயகிராம் யூனியன் ரூம் பீரோவில், மேல் தட்டில், சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டிருக்கிறது. இரண்டு இருக்கும். இட்லி மிளகாய்ப்பொடி எண்ணெய் பட்டது ஒரிஜினல். சுத்தமாக இருப்பது வாத்தியாருக்குக் காட்ட வரைந்தது. அதில் பஞ்சர் இல்லை.